ஒரே வண்டிக்கு ரெண்டு பேர்

போன வாரம் தையற்காரியைப் பொழுதுபோக்குப் பூங்காவின் வாசலில், வரிசைக்கு நடுவில், வாயைப் பிளந்தபடி நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக வெயிலில் நிற்கிறாள். இன்னும் நிற்க வைத்தால் நம்மையும் சேர்த்துத் திட்டுவாள்.

அவள் வாயைப் பிளந்ததற்குக் காரணம், நீலச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வாக்கிடாக்கியோடு கேட்டருகே நின்றிருந்த சூப்பர்வைசர் அம்மாள். அந்த அம்மாள் வேறு யாருமில்லை. மூன்று வருஷமாக இவள் முகம் கொடுத்துப் பேசாத நாத்தனார்.

"பாஸ் எங்க கம்பெனியில குடுத்தாங்க" என்று புருஷன் சொன்னது பச்சைப் பொய் என்று அந்த நொடியில் அவளுக்கு விளங்கிப் போயிற்று. புருஷன் லிப்ட் மெக்கானிக். லிப்ட் ரிப்பேர் பார்க்கிற கம்பெனி என்றைக்கு யாருக்கு எதை இலவசமாகக் கொடுத்திருக்கிறது? நமக்கு அப்போதே சந்தேகம். அவள் நம்பினாள்.

"ஏங்க, அது உங்க அக்காதானே?"

லிப்ட்காரன் வானத்தைப் பார்த்தான். "ஆமா போல இருக்கே."

"போல இருக்கா? கூடப் பொறந்தவங்களையே உங்களுக்கு அடையாளம் தெரியலையா?"

"யூனிபார்ம்ல இருக்காளா, சட்டுனு தெரியலை."

"பாஸ் யாரு குடுத்தது?"

"இப்ப எதுக்கு அதெல்லாம். வந்தது வந்துட்டோம். குழந்தைக்காகப் பாரு."

குழந்தைக்காக. இந்த ஒரு சொல்லைச் சொல்லியே அவன் பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டான்.

குழந்தை வண்டியில் உட்கார்ந்திருந்தாள். பேர் கடுகு. பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்ததால் வந்த பேர். காரம் பிறகுதான் வந்தது. இப்போது ஏழு வயது. கால்கள் இரண்டும் அவள் சொல்பேச்சுக் கேட்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, வீட்டில் மற்ற எல்லாரும் கேட்டாக வேண்டும்.

"வரிசை நகருதும்மா" என்றாள் கடுகு. "சண்டைய உள்ள போய்ப் போடலாம். ராட்டினத்துக்குக் கூட்டம் சேர்ந்துடும்."

கேட்டுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. கெட்டியான ஐஸ் பெட்டிகள் உள்ளே கொண்டுபோகக் கூடாது. புகை பிடிப்பவர்கள் கேட்டுக்கு வெளியே உள்ள கண்ணாடி அறையில் மட்டுமே பிடிக்க வேண்டும். அளவுச் சட்டத்துக்குள் நுழையாத ஸ்ட்ரோலர்களுக்கு அனுமதி இல்லை. எழுதியவன் இந்த வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு எழுதினானோ என்னவோ.

முதலில் மாட்டியது ஐஸ் பெட்டி.

"மேடம், இந்தப் பெட்டிய உள்ள விட மாட்டோம்" என்றாள் பை சோதிக்கிற பெண். "சாமான்களத் துணிப் பையில மாத்திக்கிட்டு, பெட்டிய இங்கயே வெச்சிட்டுப் போகலாம். திரும்பும்போது வாங்கிக்கலாம்."

"எம் பொண்ணுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதும்மா."

"சாப்பாட்ட வேணாம்னு சொல்லலை மேடம். பெட்டியத்தான்."

"நீ விடு, நீ விடு, நான் மாத்தறேன்" என்று லிப்ட்காரன் பாய்ந்து வந்து பெட்டியைப் பிடித்தான். வீட்டில் தண்ணீர் டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷன் இப்படிப் பாய்ந்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் புருவம் உயரும். தையற்காரி பெட்டியை விடவில்லை. அவளே திறந்தாள்.

பால் பாட்டில் வந்தது. நறுக்கிய பழம் வந்தது. மசித்த சாதம் வந்தது. உறைந்த ஐஸ் பை வந்தது. அதற்கும் அடியில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு சிகரெட் பாக்கெட்டும் லைட்டரும் வந்தன.

"இது யாரோடது மேடம்?" அந்தப் பெண் ஒன்றும் அறியாதவளாகத்தான் கேட்டாள்.

"எங்க வீட்டுல மொத்தம் மூணு பேரு. நான், ஏழு வயசுப் பொண்ணு, அப்புறம் இவரு. யாரோடதா இருக்கும்னு நீயே சொல்லும்மா."

"அது பழைய பாக்கெட்டு" என்றான் லிப்ட்காரன். "எப்பவோ வெச்சது. மறந்தே போச்சு."

"பெட்டி வாங்கினதே முந்தாநாள்!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தையற்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் மேல் சத்தியம் செய்து அவன் விட்ட சிகரெட் அது. அந்தச் சத்தியத்தை அவள் முழுசாக நம்பி, அவன் சட்டைகளை மோந்து பார்ப்பதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

"பொண்ணு தலையில கைய வெச்சீங்களே. அந்தக் கையாலயா இதச் சுத்தி வெச்சீங்க? அவ குடிக்கிற பாலுக்கு அடியிலயா?"

"மெதுவாப் பேசு. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

"சரி, தப்புதான். இப்பவே அந்தக் கண்ணாடி ரூம்ல இருக்கற தொட்டியில போட்டுட்டு வந்துடறேன். போதுமா?" பாக்கெட்டையும் லைட்டரையும் எடுத்துக்கொண்டு அவன் நடந்தான். இத்தனை குப்பைத் தொட்டிகள் வழியெல்லாம் இருக்க, சிகரெட்டைத் தூக்கிப் போடுவதற்குப் புகைக்கிற அறைக்குப் போன ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். அதுவும் லைட்டரோடு.

அவன் போன பிறகுதான் நிஜமான வம்பு வந்தது.

கேட்டின் பக்கத்தில் இரும்புக் குழாயில் வாசல் நிலை மாதிரி ஒரு சட்டம். ஸ்ட்ரோலரை அதற்குள் தள்ள வேண்டும். நுழைந்தால் சரி. கடுகின் வண்டி பாதியில் இடித்துக்கொண்டு நின்றது.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடையில் வாங்கியது. வாங்கி வந்த அன்றே தையற்காரி அதன் கறுப்பு ரெக்சின் வெளியே தெரியாதபடி மறைத்து மஞ்சள் பூப்போட்ட துணியில் உறை தைத்தாள். மேலே கொசுவம் வைத்த கூரை, பக்கத்தில் பொம்மை வைக்கப் பை, கைப்பிடிக்குப் பட்டு நாடா. பிள்ளை வளர வளர லிப்ட்காரன் கால் வைக்கும் தட்டை நீட்டினான், பெரிய சக்கரம் மாட்டினான். அவள் அகலம் கூட்டிப் புது உறை தைத்தாள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது ஸ்ட்ரோலராகத் தெரிய வேண்டும். வீட்டில் அதற்குப் பேரும் ஸ்ட்ரோலர்தான். வேறு பேர் அந்த வீட்டில் கிடையாது.

ஏனென்றால், "நடக்கலாம், நடக்காமலும் போகலாம்" என்று டாக்டர் சொன்னதில் முன்பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். இன்னொரு பேரைச் சொல்லிவிட்டால் பிள்ளை அதிலேயே உட்கார்ந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். மூடநம்பிக்கை என்று நீங்கள் சொல்லலாம். அவளிடம் போய்ச் சொல்லாதீர்கள், கையில் கத்தரிக்கோல் இருக்கும்.

"ஸ்ட்ரோலர் பெருசா இருக்கு மேடம்" என்றாள் பை சோதிக்கிற பெண். "உள்ள சின்ன ஸ்ட்ரோலர் குடுப்பாங்க. அத எடுத்துக்கலாம்."

"அது கைக்குழந்தைங்களுக்கு. இவ கால் தரையில இழுபடும்."

"அப்படின்னா..." அந்தப் பெண் இழுத்தாள். அவள் கண் பக்கத்திலிருந்த அகலக் கதவுக்குப் போய் வந்தது. அதில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது. அந்தக் கதவுக்கு அளவுச் சட்டமே கிடையாது. ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், திறந்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சொல்லை ஊழியர்கள் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது, பார்த்து ஊகிக்கவும் கூடாது. வருகிறவர்களாகத்தான் சொல்ல வேண்டும். யார் மனசும் நோகக் கூடாது என்று யாரோ நல்ல மனுஷர் போட்ட விதி. அந்த நல்ல மனுஷர் நம் தையற்காரியைச் சந்தித்ததில்லை.

பெண் திணறுவதைப் பார்த்து நாத்தனார் வந்தாள். வந்து, தன் தம்பி பெண்டாட்டியைப் பார்த்து, யாரோ மூன்றாம் மனுஷியிடம் பேசுவது போல, "வணக்கம். நான் என்ன உதவி பண்ணணும்?" என்றாள்.

"உதவியா? நீங்க ஏற்கெனவே பண்ணின உதவியே போதும் அண்ணி."

"இந்தச் சட்டத்துல நுழையாத ஸ்ட்ரோலருக்கு அனுமதி இல்லை. வேற ஏதாவது சொல்லணும்னா நீங்களா சொல்லலாம்."

"வேற என்ன சொல்லணும்?"

"அத நான் கேக்கக் கூடாது. இங்க ரூல்ஸ் அப்படி."

"ஓஹோ!" தையற்காரி வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "யாரும் கேக்காமலே சொல்றதுதானே உங்க பழக்கம்? அன்னிக்குக் கல்யாண மண்டபத்துல, பந்தி நடக்கும்போது, நாலு பேரு முன்னாடி, 'அவளுக்கு ஒரு நல்ல வீல்சேரா வாங்கிப் போடு, ஏன் இப்படி மறைக்கறே'ன்னு சொன்னீங்களே, அப்ப எந்த ரூல்ஸ் இருந்துச்சு? சட்டை மாத்தினதும் நாக்கும் மாறிடுச்சா?"

நாத்தனார் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதில் இல்லாமல் இல்லை. அந்தப் பதில் மூன்று வருஷமாக அவள் தொண்டையிலேயே கிடக்கிறது. இப்போதைக்கு விழுங்கினாள்.

"வரிசை நிக்குது. கொஞ்சம் ஓரமா வாங்க, பேசிக்கலாம்."

"ஓரமாப் போய்ப் போய்த்தான் இவ்வளவு வருஷம் போச்சு. நான் ஏன் ஓரமாப் போகணும்?"

பின்னால் தொப்பி போட்ட ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, அது வீல்சேர்தானே? சொல்லிட்டுப் போயேன். நாங்க எல்லாரும் வேகறோம்."

தையற்காரி திரும்பிய வேகத்தில் அவர் ஒரு அடி பின்னால் போனார். "உங்கள யாரு கேட்டா? எம் பொண்ணு எதுல உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியாதா? வாய மூடிக்கிட்டு நிக்கத் தெரியலைன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே?"

"நல்லதுக்குச் சொன்னேம்மா."

"எனக்கு நல்லது சொல்றவங்க ஏற்கெனவே நிறையப் பேரு இருக்காங்க. இடம் காலியில்லை."

இத்தனை நேரமும் கடுகு தலையைத் திருப்பி ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேல் அது நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கூண்டுக்கு மட்டும் சிவப்பு வண்ணம். அதற்குள் இருக்கை கிடையாது, தட்டையான தரை. சக்கரத்தோடு நேராக உள்ளே போய், பூட்டுப் போட்டு, உட்கார்ந்தபடியே உச்சிக்குப் போகலாம். யாரும் தூக்க வேண்டாம். அந்தக் கூண்டை அவள் அப்பாவின் போனில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். வாழ்க்கையில் இதுவரை யாராவது தூக்காமல் அவள் எந்த உயரத்துக்கும் போனதில்லை.

"அம்மா, சிவப்புக் கூண்டு கீழ வருது பாரு."

"போலாம்டா. ஸ்ட்ரோலர் வேணாம். அம்மா உன்னத் தூக்கிட்டுப் போறேன். ராட்டினத்துல மடில வெச்சிக்கறேன்." சொல்லிக்கொண்டே பெல்ட்டை அவிழ்த்து, பிள்ளையை வாரி இடுப்பில் போட்டாள். ஏழு வயதுப் பிள்ளை. கால்கள் இரண்டும் அம்மாவின் முழங்கால் வரைக்கும் தொங்கின.

"இறக்கி விடும்மா."

"கொஞ்ச தூரந்தான்."

"இறக்கி விடு! நான் என்ன மூட்டையா? எல்லாரும் பாக்கறாங்க. நான் மடில உக்கார மாட்டேன், நான் பாப்பா இல்ல."

"கத்தாதடி, அம்மாவுக்குப் பிடி நழுவுது."

"அப்ப சொல்லிடேன்! வீல்சேர்னு சொன்னா தொறந்துடுவாங்க. அப்பா சொன்னா எல்லா இடத்துலயும் தொறக்கறாங்க இல்ல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று கடுகுக்கு உறைத்தது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையற்காரி பிள்ளையை வண்டியில் உட்கார வைத்தாள், பெல்ட்டைப் போட்டாள், தானும் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அப்பா எங்க சொன்னாரு?"

கடுகு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அம்மா திட்ட மாட்டேன். எங்கடா?"

கை கொஞ்சம் விலகியது. "பஸ்ல. சினிமாவுல. கடைல லிப்ட்கிட்ட."

"வேற?"

"ஸ்கூல்ல."

"ஸ்கூல்லயா? டீச்சர் என்கிட்ட ஸ்ட்ரோலர்னுதானே சொல்வாங்க?"

"நீ வந்தா ஸ்ட்ரோலர். அப்பா வந்தா வீல்சேர். டீச்சருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அம்மாகிட்ட சொன்னா அழுவா, சொல்லாதேன்னாரு. நான் ஒரு தடவகூடச் சொன்னதில்லம்மா."

விலாங்கு மீன் பாம்புக்குத் தலையைக் காட்டும், மீனுக்கு வாலைக் காட்டும் என்பார்கள். அது தன் பிழைப்புக்குத் தானே காட்டும். குட்டியைப் பிடித்து முன்னால் நீட்டாது. இந்த மனுஷன் ஏழு வயதுப் பிள்ளையைக் காவலுக்கு வைத்திருக்கிறான். அம்மா முன்னால் ஒரு பேர், அப்பா முன்னால் ஒரு பேர் என்று அதுவும் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் மாற்றி மாற்றிப் பேசியிருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த தாய்க்கு எப்படி இருக்கும்?

கோபம் வந்தால் கண்ணுக்கு முதலில் யார் தெரிகிறார்களோ அவர்கள் தலையில்தான் விடியும். தையற்காரி எழுந்து நாத்தனாரைப் பார்த்தாள்.

"இதுவும் உங்க வேலைதானா? நீங்க சொல்லிக் குடுத்து, அவரு செஞ்சாரா? அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க இல்ல?"

நாத்தனார் வாக்கிடாக்கியை அணைத்தாள். பை சோதிக்கிற பெண்ணைக் கை காட்டி, அடுத்த கேட்டுக்கு வரிசையைத் திருப்பச் சொன்னாள். அதன் பிறகு பேசியது சூப்பர்வைசர் இல்லை.

"நான் சொல்லிக் குடுத்தேனா? அடி போடி இவளே! அன்னிக்கு மண்டபத்துல என்னைச் சொல்லச் சொன்னதே உன் புருஷன்தாண்டி."

"என்ன?"

"கை கழுவற இடத்துல வந்து நின்னான். 'அக்கா, பிள்ளை வளந்துடுச்சு, இவ கேக்க மாட்டேங்கறா, நான் சொன்னா அழுவா. நீ பெரியவ, நீ சொன்னா கேப்பா'ன்னான். கெஞ்சினான். சரின்னு நான் வந்து சொன்னேன். தனியாச் சொல்லியிருக்கணும், பந்தியில வெச்சுச் சொன்னது என் தப்பு. நீ இலையத் தள்ளிட்டு எழுந்தே. அவன் என்ன பண்ணான் தெரியுமா? என்னைப் பாத்து, 'ஏன்க்கா இப்படிப் பேசற'ன்னான். எல்லார் முன்னாடியும். என்னையே!"

தையற்காரிக்கு அந்த வாக்கியம் நினைவிருந்தது. நன்றாகவே நினைவிருந்தது. தனக்காக அக்காவையே எதிர்த்துப் பேசினானே என்று அன்று இரவு அவன் தோளில் சாய்ந்து அழுதவள் அவள்.

"இத ஏன் இத்தன நாளாச் சொல்லலை?"

"சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை வரும். பகை என்னோட போகட்டும்னு இருந்துட்டேன். என்ன இருந்தாலும் தம்பி."

"நல்லா இருக்கு அண்ணி உங்க தியாகம்! நீங்க தம்பிய மூடி மூடிக் காப்பாத்தினீங்க. எம் பொண்ணுக்கு மூணு வருஷம் அத்தை இல்லாமப் போச்சு. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

கடுகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீலச் சட்டை போட்ட இந்த அம்மாள் தன் அத்தை என்பது அவளுக்கு அப்போதுதான் மனசில் பதிந்தது.

அந்த நேரம் பார்த்து லிப்ட்காரன் வந்தான். வாயில் புதினா மிட்டாயைக் கடகடவென்று கடித்துக்கொண்டு, ரொம்ப லேசாக.

"என்ன, இன்னுமா உள்ள விடலை? அக்கா, எப்படி இருக்கே? பாத்து எவ்வளவு நாளாச்சு!"

அவன் பெண்டாட்டியின் கண் சிவந்திருப்பதைப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். அளவுச் சட்டத்தை ஒட்டி நிற்கிற வண்டியைப் பார்த்தான்.

"ஏங்க" என்றாள் தையற்காரி. குரல் ஆச்சரியமாகத் தணிந்திருந்தது. "சிகரெட்ட விடுங்க. பாஸ விடுங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். எம் முகத்தப் பாத்துச் சொல்லுங்க." வண்டியைக் கையால் தொட்டாள். "இது என்ன?"

நான் அவளை எப்போதும் தாங்கிப் பேசுகிறேன் என்று உங்களில் சிலர் குறைப்படுகிறீர்கள். இருக்கட்டும். அந்த நிமிஷத்தில் அவள் மனசில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவன் அந்தச் சொல்லைத் தன் எதிரில் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்றுதான் அவள் நின்றாள். ஊரெல்லாம் சொன்னதை என்னிடமும் சொல்லேன். அழுதாலும் அழுவேன், நாலு திட்டுத் திட்டினாலும் திட்டுவேன், பிறகு உன்னோடு சேர்ந்து நானும் சொல்வேன். இவ்வளவுதான். அவன் இடத்தில் ஒரு கல்லை வைத்திருந்தால்கூட அது இதைப் புரிந்துகொண்டிருக்கும்.

லிப்ட்காரனுக்குப் புரிந்தது வேறு. பெண்டாட்டி அழுதிருக்கிறாள், யாரோ அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்கள், சமாதானம் செய்ய வேண்டும். அவனுக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றுதான்.

"இதென்ன கேள்வி? ஸ்ட்ரோலர்தான்" என்றான். அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பை சோதிக்கிற பெண்ணின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். "எம் பொண்ணோட ஸ்ட்ரோலர்ங்க இது. இதப் போயி யாரு என்ன சொன்னது?"

கடுகு வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா, நான் சொல்லிட்டேம்ப்பா" என்றாள்.

மிட்டாய் கடிக்கிற சத்தம் நின்றது.

தையற்காரி வண்டியைப் பின்னுக்கு இழுத்தாள். அளவுச் சட்டத்தை விட்டு விலக்கி, திருப்பி, அகலக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தச் சொல் அவள் வாய்க்குப் பழக்கமில்லை. அதனால் முதல் தடவை பாதியிலேயே உடைந்தது.

"வீல்..." என்றாள். மூச்சு விட்டாள். "வீல்சேர். இது வீல்சேர். எம் பொண்ணோடது. கதவத் தொறம்மா."

கதவு திறந்தது. எந்தக் கேள்வியும் இல்லாமல், சத்தமும் இல்லாமல், அவ்வளவு சுலபமாகத் திறந்துவிட்டதே என்றுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. இதற்கா இத்தனை வருஷம்?

"எத்தன பேரு மேடம்?" பை சோதிக்கிற பெண் பாஸுக்காகக் கையை நீட்டினாள்.

"ரெண்டு பேரு."

"ஏய், மூணு பாஸ் இருக்கு. நானும்தான்" என்றான் லிப்ட்காரன்.

"ரெண்டு பேரும்மா" என்றாள் தையற்காரி, அந்தப் பெண்ணிடம் மட்டும்.

கதவைப் பிடித்துக்கொண்டிருந்த நாத்தனாரைத் தாண்டும்போது வண்டி ஒரு கணம் தயங்கியது. "ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்ட் முடியும்" என்றாள் நாத்தனார். "ராட்டினத்துகிட்ட வரட்டுமா?"

"உங்க மேல எனக்கு இன்னும் கோபம் போகலை அண்ணி."

"போக வேணாம். வரட்டுமா?"

தையற்காரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கொசுவம் வைத்த கூரைக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னத் தலை நீண்டு, பின்னால் திரும்பி, அப்பாவைத் தேடியது. கூட்டம் நடுவில் புகுந்து மறைக்கிற வரைக்கும் தேடிக்கொண்டேயிருந்தது.

அகலக் கதவு சாத்தப்பட்டது. லிப்ட்காரன் மூன்றாவது பாஸைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றான். அக்காவின் அருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், பழகிய அதே கெஞ்சலில் சொன்னான்.

"அக்கா, நீ போய்க் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன். நீ சொன்னா கேப்பா."

நாத்தனார் தம்பியின் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். வாக்கிடாக்கியை மறுபடி ஆன் செய்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டாள்.

"வழிய விட்டு நில்லுங்க சார்" என்றாள். "பின்னாடி ஆள் வராங்க."